பேச்சாளை ஏன்க்கா லாரி ஏறுது?

மண்டபம் பக்கம் எங்க வீட்டு வாசல்ல சாயந்தரம் ஒரு பத்து பன்னெண்டு பிள்ளைங்க வந்து உக்காரும், ஒண்ணாப்புல இருந்து மூணாப்பு வரைக்கும். டியூஷன்னு சொன்னா அது பெரிய வார்த்தை, ஹோம்வொர்க்க முடிக்க வைக்கிறது, மிச்ச நேரம் அதுங்க கேக்குறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றது, அவ்வளவுதான். போன மாசம் ஒரு வாண்டு கேட்டுச்சு, "அக்கா, பேச்சாளைய நம்ம கடல்ல தானே பிடிக்கிறாக, அப்புறம் அது ஏன் கேரளாவுக்கு லாரி ஏறுது?"

அன்னைக்கு அதுங்க கையில இருந்த பாடம் போக்குவரத்து. பஸ் படம், ரயில் படம், கப்பல் படம், கீழ கோடிட்ட இடத்த நிரப்பு. எதுல போறோம்னு புக்குல இருக்கு, ஏன் போறோம்னு ஒரு வரி கூட இல்ல. ஆனா பிள்ளைக்கு வர்ற கேள்வி எல்லாம் ஏன் தான். அதனால பஸ் படத்த மூடி வச்சிட்டு லாரிக்கு வந்தோம், அப்புறம் ஒரு மாசமா இதே பேச்சுதான் ஓடிக்கிட்டு இருக்கு, அதுல எது வேலைக்கு ஆச்சு எது ஆகலன்னு இங்க எழுதுறேன், வீட்டுல சின்னப் பிள்ளை வச்சிருக்கவங்களுக்கும் ஒண்ணாப்பு ரெண்டாப்பு டீச்சருங்களுக்கும் உதவும்.

நான் பிள்ளைங்களுக்கு குடுத்தது மூணே மூணு கேள்வி. இங்க எது பத்தல? அங்க என்ன இருக்கு? நடுவுல வழி இருக்கா? மனுஷனா இருந்தாலும் பறவையா இருந்தாலும் மூட்டையா இருந்தாலும் இந்த மூணையும் கேட்டா முக்கால்வாசி புரிஞ்சிரும். பெரிய படிப்புல இதையே தள்ளும் காரணம், இழுக்கும் காரணம்னு சொல்லுவாங்க, ஏழு வயசுக்கு அதெல்லாம் வேண்டாம்.

பேச்சாளைக்கு வருவோம். எங்க பக்கம் அத முள்ளு ஜாஸ்தி, கவிச்சி ஜாஸ்தின்னு வீட்டுல அவ்வளவா விரும்பி ஆக்க மாட்டாக, சீலாவோ விளமீனோ கிடைச்சா யாரு பேச்சாளைய பாப்பா? அதே மீனு கேரளாவுக்கு போனா அதுக்கு பேரு மத்தி, மரவள்ளிக்கிழங்க அவிச்சு வச்சு மத்திக் குழம்பு ஊத்துனா அங்க அதுக்கு மேல ஒரு சாப்பாடு இல்ல. இங்க கூடை கூடையா கிடக்குது, திங்கிற ஆளு கம்மி, அங்க திங்கிற ஆளு ஜாஸ்தி. சரி நடுவுல வழி? "ரோடு இருக்குல்ல, லாரி இருக்குல்ல"ன்னு கத்துச்சுங்க. ரோடும் லாரியும் மட்டும் போதுமான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மீன் கம்பெனியில வேலை பாக்குற வீட்டுப் பொண்ணு ஒண்ணு மெதுவா சொல்லுச்சு, "ஐஸ் வேணும்க்கா, இல்லாட்டி நாறிரும்." அதான் வழி. ரோடு மட்டும் வழி இல்ல, ஐஸும் வழிதான், ஐஸ் பார உடைச்சு பெட்டிக்குள்ள போடுறவரும் வழிதான். ஐஸ் வர்றதுக்கு முந்தி எங்க தாத்தா காலத்துல அதே வேலைய உப்பு செஞ்சுச்சு, கருவாடா போனா எத்தனை நாள் ஆனாலும் போகும்.

இந்த இடத்துல ஒரு பையன் "அப்ப மீனுக்கு கேரளா போக ஆசையா?"ன்னு கேட்டு எல்லாம் சிரிச்சுச்சுங்க, ஆனா இது சிரிச்சுட்டு விடுற கேள்வி இல்ல, இந்தப் பாடத்துலயே பிள்ளைங்க தடுக்கி விழுற இடம் இதுதான். சாமானுக்கு ஆசை கிடையாது. மனுஷன் போறான், பறவை போகுது, சாமான போக வைக்கிறாங்க. அதனால சாமான் பத்தி பேசும்போது மட்டும் கூட ஒரு கேள்வி கேக்கச் சொல்லுவேன், "இது யாரோட ஆசை?" பேச்சாளை கேரளா போறது அங்க சமைக்கிற ஒரு அம்மாவோட ஆசை, இங்க விக்கிறவரோட ஆசை, ரெண்டும் சேர்ந்தா தான் லாரி கிளம்பும், ஒண்ணு குறைஞ்சாலும் பெட்டி கரையிலயே கிடக்கும்.

சங்கு சொன்னேன், அது இன்னும் சுளுவா ஏறிக்கிச்சு. கீழக்கரை பக்கம் சங்கு குளிக்கப் போறவுகள பிள்ளைங்களுக்குத் தெரியும். அந்தச் சங்குல ரொம்ப நாளாவே பெரும்பங்கு வங்காளத்துக்கு போகுது, ஏன்னா அங்க கல்யாணம் ஆன பொம்பளைங்க சங்கை அறுத்து செஞ்ச வெள்ளை வளையல் போடுறது வழக்கம். நம்ம வீட்டுல சங்கு ஊதுறதுக்கும் பிள்ளைக்கு பால் புகட்டுறதுக்கும் ஒண்ணு ரெண்டு போதும், அங்க கல்யாணத்துக்கு கல்யாணம் வேணும். "அப்ப நம்ம தாலி மாதிரி"ன்னு ஒரு பொண்ணு சொல்லுச்சு. கரெக்ட்டுன்னுட்டு அடுத்ததுக்கு போயிட்டேன்.

அடுத்து பறவை. இதுல பெரியவங்களே தப்பா சொல்லிக் குடுக்குறாங்க, நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன், "அங்க குளிரு, அதனால பறவை இங்க வருது"ன்னு. பிள்ளைங்களும் தலைய ஆட்டிரும். ஆனா பறவைக்கு இறகு இருக்கு, உடம்பு பூரா கம்பளி போர்த்துன மாதிரி, குளிர அது ஓரளவு தாங்கிக்கும், தாங்க முடியாதது பசி. இத வாயால சொன்னப்ப யாருக்கும் ஏறல. அதனால ரெண்டு டிபன் பாக்ஸ்ல ஈர மண்ணு போட்டு, ரெண்டுலயும் பொட்டுக்கடலைய புதைச்சு, ஒண்ண அப்படியே வச்சிட்டு இன்னொண்ண பக்கத்து வீட்டு ஃப்ரீசர்ல ராத்திரி பூரா வச்சேன் (அந்த அக்கா மறுநாள் காலையில என்னய பாத்த பார்வைய மறக்க முடியாது). சாயந்தரம் ஆளுக்கு ரெண்டு ஈர்க்குச்சி குடுத்து, இதுதான் உங்க அலகு, கொத்தி எடுங்கன்னேன். முதல் டப்பால நிமிஷத்துல கடலை காலி. ரெண்டாவது டப்பால ஈர்க்குச்சி வளையுது, முறியுது, "ஏக்கா கல்லு மாதிரி இருக்கு." அதுக்குள்ள கடலை இருக்கா இல்லையா? "இருக்கு, ஆனா எடுக்க முடியல." அப்ப என்ன பண்ணுவ? "அந்த டப்பாக்கே போயிருவேன்." நான் வேற எதுவும் சொல்லல.

வடக்க பனி விழுந்து சேறு இறுகிப் போற நேரத்துல, நம்ம கரையில அலை வத்துனா சேறு இளகிக் கிடக்கு, அதுக்குள்ள புழு, நத்தை, குட்டி நண்டு எல்லாம் இருக்கு. கொசு உள்ளான்னு ஒரு பறவை, சைபீரியாவோட வடகோடியில முட்டையிடுறது, கையில வச்சா எடையே தெரியாது, முப்பது கிராம் வந்தாலே பெருசு, அது அங்க இருந்து கிளம்பி இந்தியாவோட கரையோரம் எல்லாம் வந்து இறங்குது. ஒரு சின்ன பிஸ்கட் பாக்கெட்ட எடுத்து ஒவ்வொரு பிள்ளை கையிலயும் குடுத்து, இத விட கம்மி எடை, இமயமலைக்கும் அந்தப் பக்கம் இருந்து வருதுன்னு சொன்னப்ப, ஒருத்தன் பாக்கெட்டையும் பாக்குறான் வானத்தையும் பாக்குறான். அப்புறம் பிச்சுத் தின்னுட்டான், அது வேற விஷயம்.

அதோட விடல. "இங்க இவ்வளவு நல்லா இருந்தா ஏன்க்கா திரும்பிப் போகுது?" எத்தனை வருஷமா வலசைப் பறவை பத்தி பேசிருக்கேன், இத நானே யோசிச்சது இல்ல. அங்க கோடையில சூரியன் மறையவே மறையாது, நாள் பூரா வெளிச்சம், பூச்சி கொசு அள்ளிக் கொட்டும், குஞ்சு வளக்க அத விட நல்ல நேரம் கிடையாது, இடமும் தாராளமா இருக்கும். அதாவது அங்க குஞ்சு வளக்க, இங்க வயித்த நிரப்ப. மூணு கேள்வியவும் போறப்ப ஒரு தடவை, வர்றப்ப ஒரு தடவைன்னு ரெண்டு தரம் கேக்கணும்னு அன்னைக்குத்தான் எனக்கே விளங்குச்சு.

தனுஷ்கோடிக்கு வர்ற பூநாரை எங்க பிள்ளைங்க கண்ணால பாத்தது, அதனால அதுக்கு படம் தேவையே இல்ல. தண்ணி எவ்வளவு ஆழம்னு பாத்துத்தான் அது நிக்கும், நீட்டுக் காலு மூழ்காத அளவுக்கு வேணும், கலக்கிக் கலக்கித் திங்க சேறும் வேணும். 2025ல அந்த இடத்த பூநாரை சரணாலயம்னு அரசாங்கம் அறிவிச்சிருச்சு. உள்நாட்டுல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கால், சக்கரக்கோட்டைன்னு நம்ம மாவட்டத்து கண்மாய்ங்க இருக்கே, அதுல கதை வேற. அங்க மழை பேஞ்சு கண்மாய் நிறைஞ்சா தான் நாரை வந்து கருவேல மரத்துல கூடு கட்டும், மழை பொய்ச்சா அந்த வருஷம் வராது. சைபீரியால இருந்து வர்றதுக்கும் பக்கத்து மாவட்டத்துல இருந்து வர்றதுக்கும் கேள்வி ஒண்ணே தான், தூரம் மட்டும் தான் மாறுது.

மனுஷன், மிருகம், சாமான் மூணும் ஒரே கூட்டமா நகர்றத காட்டணும்னா நம்ம மாவட்டத்துல அதுக்கு உதாரணம் தேடவே வேண்டாம், ஆட்டுக்கிடை இருக்கு. தையில மாசியில தஞ்சாவூர் பக்கம் அறுப்பு முடிஞ்சு வயல் சும்மா கிடக்கும், தாளும் புல்லும் மண்டிக் கிடக்கும். அதே நேரம் இங்க ராமநாதபுரத்துல தரை காய ஆரம்பிச்சிரும். கீதாரிங்க நூத்துக்கணக்குல செம்மறியாட்ட ஓட்டிக்கிட்டு, கூடவே குட்டிகள அடைக்கிற கூடு, சட்டி பானை, சில பேரு பொண்டாட்டி பிள்ளையோட, நடந்தே வடக்க போவாங்க. பகல்ல ஆடு மேயும். ராத்திரி வயல்ல பட்டி போட்டு அடைப்பாங்க, அதுக்கு வயல்காரர் காசோ நெல்லோ குடுப்பாரு. ஏன் குடுக்குறாருன்னு பிள்ளைங்கள கேட்டேன். ஆட்டுக்கு புல்லு குடுத்ததும் அவரு, காசும் அவரே குடுக்கணுமா, இது என்ன நியாயம்னு ஒரே சண்டை. கடைசில ஒருத்தன் எந்திரிச்சு மூக்கப் பிடிச்சுக்கிட்டு சொன்னான், "புழுக்கை!" ஆமா, புழுக்கையும் மூத்திரமும் தான். ஒரு ராத்திரி கிடை போட்டா அந்த வயலுக்கு உரம் போட்ட கணக்கு. மறுபடி மழை பேஞ்சு நடவு ஆரம்பிக்கிற நேரத்துல ஆடு அங்க இருக்க முடியாது, இங்க திரும்பிரும். நான் சொல்லாமலே பிள்ளைங்க மூணு கேள்வியவும் ஆட்டுக்கு ஒரு தடவை, கீதாரிக்கு ஒரு தடவை, வயல்காரருக்கு ஒரு தடவை கேட்டுப் பாத்துச்சுங்க.

கடல்லயும் இதே தான், காத்து தான் அங்க கீதாரி. பாம்பன்காரவுகளுக்கு ரெண்டு கடல், வடகடல் ஒண்ணு தென்கடல் ஒண்ணு, பாக் விரிகுடா பக்கம் வடகடல், மன்னார் வளைகுடா பக்கம் தென்கடல். ஆனி ஆடியில தெக்குப் பக்கத்துக் காத்து பலமா அடிச்சு தென்கடல் கொந்தளிக்கும், அப்ப வள்ளம் வடகடலுக்கு போகும். கார்த்திகை மார்கழில வாடை அடிச்சா வடகடல் சீறும், வள்ளம் இந்தப் பக்கம் வந்துரும். சில குடும்பங்க காத்து மாறுனா சட்டி பானையோட கரையவே மாத்திக்கிட்டு போய் குடிசை போடும், அதுக்கு பேரே வலசை போறது தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு தடை, 61 நாள். மீனு முட்டையிட்டு பெருகட்டும்னு விடுறது. அந்த நேரத்துல நிறைய அப்பாக்கள் கேரளா கர்நாடகான்னு மேற்குக் கரைக்கு வேலைக்குப் போயிருவாங்க, ஏன்னா அங்க தடை ஜூன்ல தான் ஆரம்பிக்கும். "எங்கப்பாவும் பேச்சாளையும் ஒரே ஊருக்கு போறாக"ன்னு ஒரு பையன் சொன்னான்.

மனுஷங்க பத்தி வரும்போது கொஞ்சம் பாத்துப் பேசணும். துபாய், குவைத்னு அப்பா போயிருக்க பிள்ளைங்க ஒவ்வொரு தெருவுலயும் இருக்கு, "இங்க எது பத்தல"ன்னு கேட்டா அது சில வீட்டுல கடன், சில வீட்டுல அக்கா கல்யாணம், அத பிள்ளைய நாலு பேரு முன்னாடி சொல்ல வைக்கக் கூடாது. நான் ஒரு தடவை அப்படி கேட்டுட்டு, அந்தப் புள்ள தலைய குனிஞ்சுக்கிட்டு மண்ணுல கோடு போட்டதப் பாத்து ரெண்டு நாள் மனசே சரியில்ல. இப்ப நான் கேக்குறது வேற மாதிரி, "அப்பா அங்க இருந்து வரும்போது என்ன கொண்டு வருவாரு, இங்க இருந்து போகும்போது என்ன கொண்டு போவாரு?" கருவாடு, ஊறுகா, மிளகாப்பொடி போகுது, சாக்லேட்டும் கம்பளியும் சென்ட்டும் வருது. நம்ம வீட்டுல இடிச்ச முண்டு மிளகாப்பொடி துபாய் கடையில கிடைக்குமா? கிடைக்காது. அப்ப பெட்டில ஏறுது.

எல்லாரும் ஆசைப்பட்டுத்தான் போறாங்கன்னும் பிள்ளைங்க நினைச்சிரக் கூடாது. மண்டபம் கேம்ப் எங்க கண்ணு முன்னாடி இருக்கு. அந்தக் காலத்துல இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போறவங்கள நிறுத்தி வச்சு அனுப்புன இடம். 1983க்கு அப்புறம் அங்க சண்டைக்கு பயந்து வந்தவங்க இறங்குன இடமும் அதே தான். ஒரே கேம்ப், ஒரே கடல், போனதும் வந்ததும் எதிர் எதிர் திசை. தனுஷ்கோடிய 1964 டிசம்பர்ல புயல் அடிச்சுக்கிட்டுப் போச்சு, மிஞ்சுனவங்க இந்தப் பக்கம் வந்தாங்க, அங்க அவங்களுக்கு எது பத்தலன்னு கேக்க முடியாது, ஊரே இல்ல. அந்தப் புயல்ல ஆளுங்களோட ரயிலு கடலுக்குள்ள போன கதைய நான் மூணாப்புக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு சொல்றது இல்ல. "சில பேரு போகல, போக வச்சிருச்சு"ன்னு மட்டும் சொல்லி நிறுத்திருவேன்.

வழிங்கிற மூணாவது கேள்விக்கு பாம்பன் பாலத்த விட நல்ல வாத்தியார் கிடையாது. கயிற தரையில போட்டு இது கடல்னு சொல்லிட்டு, இந்தப் பக்கம் உப்பு டப்பா, அந்தப் பக்கம் மிளகா டப்பா, ரெண்டு குரூப் நிக்க வச்சேன், ரெண்டு பேருக்கும் குழம்பு வைக்கணும், கயிற மிதிக்கக் கூடாது. தூக்கிப் போட்டுச்சுங்க, கொட்டிப் போச்சு. அப்புறம் ஒரு செருப்ப வள்ளம்னு வச்சுத் தள்ளிவிட்டுச்சுங்க, ஒரு தடவைக்கு ஒரு டப்பா தான் போகுது. அப்புறம் ஒரு ஸ்கேல குறுக்க வச்சேன். இதான் 1914. அந்த வருஷம் ரயில் பாலம் திறந்து, மெட்ராஸ்ல ரயிலு ஏறி தனுஷ்கோடில இறங்கி கப்பல்ல தலைமன்னார் போற அளவுக்கு ஆச்சு. ரோட்டுப் பாலம் வந்தது 1988ல தான், அதுவரைக்கும் தீவுக்கு பஸ்ஸே கிடையாதுன்னா பிள்ளைங்க நம்பவே மாட்டேங்குது. 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில நிறுத்திட்டாங்க, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் ரயிலு பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்னுரும். ராமேஸ்வரம் போற ஆசை யாருக்கும் குறையல, எல்லாரும் மூட்டையோட இறங்கி பஸ் ஏறுனாங்க. புதுப் பாலத்துல நடுவுல 72.5 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேல போகும், கப்பலுக்கு வழி விட்டா ரயிலுக்கு வழி இல்ல, ரயிலுக்கு விட்டா கப்பலுக்கு இல்ல. இத பிள்ளைங்க விளையாடவே ஆரம்பிச்சிருச்சுங்க, ரெண்டு பேரு கைய கோத்து பாலமா நிப்பாங்க, ஒருத்தன் ரயிலு ஒருத்தன் கப்பலு, தினமும் யாரு ரயிலுன்னு அடிதடி.

போகாததையும் சேத்து சொல்லணும், இத எந்தப் பாடத்துலயும் சேக்க மாட்டேங்குறாங்க. கடல்பசுவ எடுத்துக்கோங்க, நம்ம கடல்ல கடல்புல்லு படுகை எங்க இருக்கோ அங்கயே மேஞ்சுக்கிட்டு கிடக்கும், புல்லு இருந்தா அதுக்கு ஊரு விட்டு ஊரு போற வேலையே இல்ல. 2022ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர அதுக்குன்னே ஒதுக்குனது கூட அந்தப் புல்ல காப்பாத்தத்தான். எங்க தெருவுல ஒரு பாட்டி இருக்கு, மக சென்னையில, மகன் ஷார்ஜால, ரெண்டு பேரும் கூப்பிட்டாச்சு, "எனக்கு இங்க எதுடா பத்தல?"ன்னு கேக்கும். பிள்ளைங்களுக்கு நான் பாடம் எடுக்குறது அதுக்குத் தெரியாது, ஆனா என்னோட முதல் கேள்விய அது தானா கேட்டுருச்சு.

போன வாரம் கடைசியா ஒரு வேலை குடுத்தேன். எங்க சுத்துப்பட்டுல ஊருப் பேரு நிறைய வலசைன்னு முடியும், புதுவலசை, சாத்தக்கோன்வலசைன்னு, தினமும் பஸ் போர்டுல பாக்குறது தான், யாரும் யோசிக்கிறது இல்ல. பறவை போறதுக்கு சொல்ற அதே வலசை தான்டா இது, யாரோ எங்கயோ இருந்து கூட்டமா கிளம்பி வந்து தங்குனதால வந்த பேரு, உங்க வீட்டுல யாரு முதல்ல இந்த ஊருக்கு வந்தா, எங்க இருந்து வந்தா, ஏன் வந்தான்னு பெரியவுகள கேட்டுட்டு வாங்கன்னு அனுப்புனேன். மறுநாள் பாதிப் பேரு மறந்துட்டு வந்துச்சுங்க, ரெண்டு பேரு "தெரியாதுன்னு சொல்லிட்டாக" அப்படின்னுச்சுங்க. ரெண்டாப்பு படிக்கிற ஒருத்தன் மட்டும் மூச்சு வாங்க ஓடி வந்தான், அவங்க அப்பத்தாட்ட கேட்டானாம். "கடலுக்கு பக்கத்துலயே மண்ணத் தோண்டுனா இங்க நல்ல தண்ணி ஊறுச்சாம்க்கா, அதான் வந்தாகளாம்." சொல்லிட்டு எங்க வீட்டுப் பின்னாடி போயி கையாலயே மண்ணத் தோண்ட ஆரம்பிச்சிட்டான், மத்ததுங்களும் பின்னாலயே.